புகை என்ற ஒரு சொல்: அபுல் காசிம் காஷானியின் மட்பாண்டக் குறிப்பை வாசித்தல்

இஸ்லாமியக் கலை எண்டதும் எங்கட சஞ்சிகைகளில் எழுத்தணியும் குவிமாடமும் வந்துவிடும். மட்பாண்டத்துக்குக் கிடைப்பது ஒரு பந்தி. பொன், வெள்ளிப் பாத்திரங்கள் விலக்கப்பட்டபடியால் முஸ்லிம்கள் பொன்போல் மின்னும் 'லஸ்டர்' பாத்திரங்களைச் செய்தார்கள் என்று அதில் ஒரு வசனம் இருக்கும். அத்தோட கதை சரி. ஹதீஸ் இருக்கிறது, அதில் பிணக்கில்லை. ஆனால் ஏன் செய்தார்கள் என்பதற்குத்தான் அது விடை. மண் எப்படிப் பொன்னிறமானது என்று கேட்டால் அந்த வசனம் வாய் திறக்காது.

வாய் திறக்கிற ஒரு மூலநூல் உண்டு. காஷான் நகரின் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) பாரசீகத்தில் எழுதிய, மணிகளும் வாசனைப் பொருட்களும் பற்றிய நூலின் இறுதிப் பகுதி அது. ஜேம்ஸ் அலன் 1973இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் வாசித்தேன். அபுல் காசிம் இல்கானிய அரசவையின் வரலாற்றாசிரியர். அவருடைய வாப்பா அலீ 1265இல் செய்த லஸ்டர் மிஹ்ராப், ஈரானின் வராமினில் இமாம்ஸாதா யஹ்யாவின் அடக்கத்தலத்தில் இருந்தது. இப்போது ஹொனலுலுவில் ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. (அது வேறொரு கட்டுரைக்குரிய துக்கம்.)

இந்தக் குறிப்பைப் புகழ்பவர்கள் அளவுகளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வெண்கல் பொடி 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, வெண்களி 1 பங்கு. கண்ணாடிப் பொடிக்கு வேண்டிய காரம் உஷ்னான் செடியின் சாம்பலிலிருந்து வருகிறது; சோடா மிகுந்த சாம்பல் அது. 'அல்கலி' என்ற சொல்லே அந்தச் சாம்பலின் அரபுப் பெயர் என்று பெருமைப்பட எங்களுக்குத் தெரியும். அந்தச் சோடாப் பூச்சில் செம்பு சேர்ந்தால் என்ன நிறம் எண்டு கேட்டால் முழிப்போம். சூளைக்குள் இருக்கும் காற்றைப் பொறுத்தது அது. ஒட்சிசன் தாராளமாக உள்ள தீயில் செம்பு நீலப்பச்சை. காற்றை அடைத்துப் புகையவிட்டால், காபனோரொட்சைட்டு செம்புச் சேர்வையில் உள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும்; அதே செம்பு சிவப்பாகும். லஸ்டரும் இந்த வழிதான். ஏற்கெனவே பூச்சிட்டுச் சுட்ட பாத்திரத்தில் வெள்ளி, செம்புச் சேர்வைகளால் வரைந்து, குறைந்த சூட்டில் புகைக்குள் மறுபடி வைக்கிறார்கள். பூச்சின் மேல்தோலுக்குள் உலோகம் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக ஒதுங்கி மின்னுகிறது.

இதை மனதில் வைத்து அபுல் காசிமிடம் திரும்பிப் போனால், அளவுகளை விடப் புகைதான் கண்ணில் படுகிறது. முதற் சூட்டுக்கு 12 மணித்தியாலம் பெருந்தீ. புகை அடங்கும்வரை அடுத்த விறகு போடக்கூடாது, போட்டால் பாத்திரம் கறுத்துக் கெட்டுப்போகும். பக்தாதிலும் தப்ரீஸிலும் புகை வராதபடி பட்டை உரித்த வில்லோ விறகு பாவிக்கிறார்கள் என்கிறார். கொஞ்சம் தள்ளி லஸ்டருக்கு வந்ததும், 72 மணித்தியாலம் இளம் புகை! முன்னே விரட்டியதைப் பின்னே மூன்று நாள் கூடவே வைத்திருக்கச் சொல்கிறார். ஏன் எண்டு ஒரு சொல் இல்லை.

நூலின் பலமும் பலவீனமும் இந்த இடம்தான் என்பது என் எண்ணம். வெள்ளியை 6 திர்ஹம் என்று நிறுத்துத் தருகிற கை, புகையை 'இளம்' என்ற ஒரு அடைமொழியோடு விட்டுவிடுகிறது. தொழில் ரகசியத்தை மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மறைக்க நினைத்தவர் வெள்ளியின் எடையையும் மறைத்திருப்பார். எவ்வளவு புகை என்பது சூளை வாசலில் நிற்கிறவனின் கண்ணுக்குத் தெரிந்தது, தராசுக்குத் தெரியாதது. ஒருசீராக வெந்தது செம்பொன்போல ஒளிரும் என்று அவர் சொல்லும்போது, ஒருசீராக வேகாதவை எத்தனை எண்டு கேட்கத் தோணுது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பிக்கோல்பாஸோ அதை ஒளிக்கவில்லை: நூறு பாத்திரம் வைத்தால் ஆறு தேறுவதே அரிது என்கிறார். அபுல் காசிமிடம் அந்தக் கணக்கு கிடையாது. அரசவைக்காரரின் எழுத்தில் கெட்டுப்போன சட்டிகளைத் தேடுவது கஷ்டம்தான்.

இந்தப் பகுதி சில பக்கங்கள் மட்டுமே. பாரசீகம் தெரிந்த ஒருவர் நேரே தமிழுக்குக் கொண்டுவரலாம். அப்படிச் செய்தால், முதற் சூட்டில் 'புகை', இரண்டாவதில் 'தூபம்' என்று அழகுபடுத்த வேண்டாம். இரண்டு இடத்திலும் புகையைப் புகை எண்டே எழுதட்டும். சொல் மாறிவிட்டால் வாசகனுக்கு அந்த முரண் தட்டுப்படாது.