‘பாபநாசம்’ திரைப்படத்தில் குடும்பப் பற்றும் குற்றவுணர்வும்: பாதி ஒப்புதலின் அறம்

ஆய்வுச்சுருக்கம்

ஜீத்து ஜோசப் இயக்கத்தில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாபநாசம்’ திரைப்படம், அதிகாரத்தை அறிவால் வென்ற எளிய குடும்பத்தலைவனின் கதையாகவே பெரிதும் பேசப்படுகிறது. அவ்வாசிப்பு படத்தின் இறுதிப்பகுதியை விளக்கப் போதுமானதாக இல்லை. வெற்றி உறுதியான பின்னரும் நாயகன் ஏன் ஒப்புக்கொள்கிறான், யாரிடம் ஒப்புக்கொள்கிறான், எதை மறைத்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறான் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. குற்றவுணர்வை விசாரிக்கும் இடத்தைச் சட்டத்திடமிருந்து பிள்ளையை இழந்த பெற்றோரிடத்துக்குப் படம் மாற்றுகிறது என்பதும், ஆனால் அப்பெற்றோருக்குத் தேவையானதைத் தர மறுப்பதால் நாயகனின் மீட்சி நிறைவு பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பாபநாசம், குற்றவுணர்வு, ஒப்புதல், குடும்பப் பற்று, வாய்மை, மீட்சி.

முன்னுரை

குற்றக்கதைகளின் வழக்கமான வினா ‘செய்தவர் யார்?’ என்பதாகும். ‘பாபநாசம்’ அவ்வினாவைத் தொடக்கத்திலேயே விடுவித்துவிடுகிறது. கொலை பார்வையாளரின் கண்முன் நிகழ்கிறது. எஞ்சுவது, செய்ததை மறைத்து வாழ்வது எவ்வாறு என்னும் வினாவே. மலையாளத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருஷ்யம்’ படத்தை அதன் இயக்குநரே தமிழில் மீண்டும் உருவாக்கினார். கமல்ஹாசன் சுயம்புலிங்கமாகவும், கௌதமி அவன் மனைவி ராணியாகவும், ஆஷா சரத் காவல்துறை உயர் அதிகாரி கீதாவாகவும் நடித்தனர். ஜெயமோகன் எழுதிய உரையாடல்கள் கதையை நெல்லை வட்டார வழக்குக்குள் வேரூன்றச் செய்தன.

பெயர் மாற்றம் இங்குக் கருதத்தக்கது. ‘திருஷ்யம்’ என்னும் பெயர் காட்சியைக் குறிப்பது. பொய்யான காட்சியொன்றைச் சாட்சிகளின் மனத்தில் பதியவைக்கும் உத்தி அப்பெயரில் முன்னிற்கிறது. ‘பாபநாசம்’ என்பதோ தாமிரபரணிக் கரையில் உள்ள ஊரின் பெயர். பாவம் அழியும் இடம் என்பது அதன் பொருள். இதனால் தமிழ்ப்படம் உத்தியிலிருந்து அறத்தின் பக்கம் பார்வையைத் திருப்புகிறது. பெயரில் உள்ள அவ்வாக்குறுதி படத்தில் நிறைவேறுகிறதா என்பதே இக்கட்டுரையின் மையம்.

குற்றம் எங்கே தொடங்குகிறது?

நான்காம் வகுப்புக்குமேல் படிக்காத சுயம்புலிங்கம் கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்துபவன். அவனுடைய மூத்த மகள் செல்வி குளிப்பதை மறைவாகப் படமெடுத்த வருண் என்னும் இளைஞன், அதைக் காட்டி மிரட்ட வீடு தேடி வருகிறான். மகளுக்காக மன்றாடும் தாயிடமே அவன் தகாத விருப்பத்தை வெளியிடும்போது நிகழும் கைகலப்பில் செல்வி அவனைத் தாக்குகிறாள், அவன் இறந்துபோகிறான். தாயும் மகளும் உடலை வீட்டுத் தோட்டத்துக் குழியில் புதைக்கின்றனர். வெளியில் இருந்து திரும்பும் சுயம்புலிங்கம் எஞ்சிய தடயங்களை அழிக்கும் பொறுப்பை ஏற்கிறான்.

கதை நிகழும் காலத்தில் நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை ஏற்றிருந்தது. செல்வியின் செயலை அவ்வுரிமையின்கீழ் நிறுத்தி வாதிட இடமுண்டு. தடயத்தை மறைப்பதோ அச்சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி தனிக்குற்றம். அதாவது, தன் மானத்தையும் தாயின் மானத்தையும் காக்க ஒரு பெண் ஓங்கிய கை சட்டத்தின்முன் குற்றமற்றதாக நிறுவப்பட்டிருக்கலாம். அதைக் குற்றமாக உறைய வைப்பது அடுத்து வரும் மறைப்பே.

மறைப்புக்குக் குடும்பத்தைத் தூண்டுபவை இரண்டு. சட்டம் தமக்கானது அன்று என்னும் அவநம்பிக்கை ஒன்று. இறந்தவன் காவல்துறை உயர் அதிகாரியின் மகன் எனத் தெரியவரும்போது அந்த அவநம்பிக்கை உறுதிப்படுகிறது. ஒளிப்படம் வெளியில் தெரிந்தால் மகளின் வாழ்வு சிதையும் என்னும் மான உணர்வு மற்றொன்று. தீங்கிழைத்தவன் நாணவேண்டிய இடத்தில் தீங்குக்கு ஆளானவள் நாணவேண்டியிருக்கும் சமூக ஏற்பாடுதான் உண்மையைப் புதைகுழிக்குள் தள்ளுகிறது. எனவே, குடும்பப் பற்று இங்குத் தூய அன்பு மட்டுமன்று. ஊரின் பார்வை பற்றிய அச்சமும் அதனுள் கலந்திருக்கிறது.

பொய்யின் விலை

திருக்குறளின் ‘வாய்மை’ அதிகாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இரு குறள்கள் இப்படத்தை வாசிக்கத் துணைசெய்கின்றன. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292ஆம் குறள். நெஞ்சறிந்து பொய் சொன்னவனை அந்நெஞ்சே வருத்தும் என்கிறது 293ஆம் குறள். முன்னது பொய்யின் பயனைப் புறத்தே அளக்கிறது. பின்னது அதன் விளைவை அகத்தே காண்கிறது. படத்தின் முற்பகுதி முதற்குறளின் துணையோடு நகர்கிறது. இறுதிப்பகுதி இரண்டாம் குறளிடம் வந்து சேர்கிறது.

சுயம்புலிங்கம் கட்டும் பொய் நுட்பமானது. கொலைக்குச் சில நாள் கழித்து மேற்கொண்ட வெளியூர்ப் பயணத்தை, கொலை நிகழ்ந்த நாளில் மேற்கொண்டதாகச் சாட்சிகளை நம்பவைக்கிறான். சாட்சிகள் எவரும் பொய்யர் அல்லர்; தாம் கண்டதையே சொல்கின்றனர். நாள் மட்டுமே மாறியிருக்கிறது. இரவுகளைத் திரைப்படங்களுடன் கழித்துப் பழகியவன், காட்சிகளை மாற்றி அடுக்கும் படத்தொகுப்பாளனைப்போல் பிறர் நினைவுகளை வரிசை மாற்றுகிறான். இந்தத் திறமையே பார்வையாளரின் பாராட்டைப் பெறுகிறது.

ஆனால் இப்பொய்யை அவன் தனியே சுமக்க இயலாது. மனைவியும் இரு மகள்களும் ஒரே சொல்லை ஒரே உறுதியோடு சொல்லவேண்டும். இளைய மகள் மீனா சிறுமி. வினாக்களுக்கு எவ்வாறு விடையளிப்பது, எப்போது தடுமாறாதிருப்பது எனத் தந்தையே பயிற்றுவிக்கிறான். பிள்ளைக்கு உண்மை பேசக் கற்பிக்கவேண்டியவன் பொய்யுரைக்கக் கற்பிக்கும் அக்காட்சிகள் பதற்றமும் விரைவும் கொண்டனவாக அமைந்திருப்பதால், அவற்றின் அறச்சுமை எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. குடும்பம் காப்பாற்றப்படுகிறது. காப்பாற்றப்பட்ட அக்குடும்பம் முன்பிருந்த குடும்பம் அன்று. குறள் சொல்லும் ‘குற்றமற்ற நன்மை’ என்னும் நிபந்தனை இங்கேயே தவறிவிடுகிறது.

எதிரெதிர் நிற்கும் இரு குடும்பங்கள்

கீதாவைக் கொடியவளாக மட்டும் காண்பது படத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நினைவூட்டும் சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன். நீதியின் இருக்கையில் இருப்பவருக்குப் பிள்ளைப்பாசம் தடையாகலாகாது என்பது அத்தொன்மத்தின் உட்பொருள். கீதா அதன் மறுதலை. மகனைத் தேடும் தாயாகவே அதிகாரத்தைக் கையாள்கிறாள். முறையான விசாரணையின் எல்லை கடந்து, அக்குடும்பத்தைக் காவலர் பெருமாள் அடித்து வதைப்பதற்கு அவள் இடமளிக்கிறாள். மகளுக்காகச் சட்டத்தை ஏமாற்றும் தந்தையும், மகனுக்காகச் சட்டத்தை மீறும் தாயும் ஒரே பற்றின் இரு முகங்கள்.

இவ்விருவருக்கும் இடையே நிற்பவர் கீதாவின் கணவர் பிரபாகர். மனைவியின் வன்முறைக்கு உடன்படாத அவர், மகனுடைய செயலின் இழிவையும் உணர்பவர். தம் பிள்ளையின் குற்றத்தை ஏற்கும் பெற்றோர் என்னும் நிலைக்கு அவரே முதலில் வருகிறார். இறுதி ஒப்புதலுக்கான வாயில் சட்டத்தின் தரப்பிலிருந்து அன்றி, அவருடைய இந்த ஏற்பிலிருந்து திறக்கிறது. தம் மகன் தவறு செய்தவன் என்று ஏற்ற பின்னரே அவர்களால் ‘அவன் இருக்கிறானா?’ என்று கேட்க இயல்கிறது. அவ்வாறு கேட்கப்பட்ட பின்னரே சுயம்புலிங்கத்தாலும் விடையளிக்க இயல்கிறது.

யாரிடம் ஒப்புக்கொள்வது?

குழி தோண்டப்பட்டு அதில் விலங்கின் உடல் மட்டுமே கிடைத்தபோதே சுயம்புலிங்கம் வென்றுவிட்டான். ஊர் அவன் பக்கம் நிற்கிறது. கீதா பதவி விலகுகிறாள். இனி அவன் பேசவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் நீர்க்கரையில் அப்பெற்றோரைச் சந்திக்கும்போது, அவர்களின் மகன் இனித் திரும்பமாட்டான் என்பது புரியும் அளவுக்குப் பேசி, மன்னிப்பு வேண்டிக் கண்ணீர் விடுகிறான். அச்சமோ ஆதாயமோ தூண்டாத அப்பேச்சு, நெஞ்சின் வருத்தத்திலிருந்தே பிறக்கிறது.

இதே நடிகரின் ‘தேவர் மகன்’ (1992) படத்துடன் ஒப்பிடுகையில் இம்முடிவின் தனித்தன்மை விளங்கும். அங்குச் சக்திவேல் மாயனைக் கொன்றபின், பழியைத் தாம் ஏற்பதாக ஊரார் முன்வந்தும் அதை மறுத்துச் சட்டத்திடம் தன்னை ஒப்படைக்கிறான். ‘திருஷ்ய’த்தின் கதையைத் தழுவி 2019இல் வெளிவந்த சீனத் திரைப்படத்திலும் நாயகன் இறுதியில் குற்றத்தை ஏற்றுச் சட்டத்தின்முன் நிற்கிறான். இவ்விரண்டிலும் மீட்சி தண்டனையின் வழியே வருகிறது. ‘பாபநாசம்’ தண்டனையைத் தவிர்த்து, பாதிக்கப்பட்டோரின் முகத்தை நேர்கொள்வதையே கழுவாயாக முன்வைக்கிறது. சட்டத்துக்குக் கடன்பட்டதாகக் கருதாத சுயம்புலிங்கம், மற்றொரு தந்தைக்கும் தாய்க்கும் கடன்பட்டவனாகத் தன்னை உணர்கிறான்.

ஒப்புதலில் விடுபட்டவை

இவ்வொப்புதலில் இரண்டு விடுபாடுகள் உள்ளன. முதலாவது, உடல் இருக்கும் இடம். பாபநாசத் தீர்த்தக் கட்டங்களில் ஆடி அமாவாசை போன்ற நாள்களில் மக்கள் திரண்டு முன்னோருக்கு நீர்க்கடன் செய்வது வழக்கம். இறந்தோரை வழியனுப்பும் அவ்வூரின் பெயரைத் தாங்கிய படத்தில், மகனை இழந்த பெற்றோருக்கு ஈமக்கடன் ஆற்ற உடல் கிடைப்பதில்லை. மகன் இறந்தான் என்னும் செய்தி கிடைக்கிறது, எலும்பு கிடைக்கவில்லை. அவ்வுடல் புதிதாகக் கட்டப்பட்ட காவல்நிலையத்தின் தரைக்கடியில் இருப்பதைப் பார்வையாளருக்கு மட்டும் படம் காட்டி முடிகிறது. அவ்விறுதிக் காட்சி திரையரங்கில் கைத்தட்டலுக்கு உரியதாக அமைந்துள்ளது. சற்றுமுன் சிந்திய கண்ணீரோ அக்கைத்தட்டலோடு பொருந்துவதில்லை. மகள்களின் பாதுகாப்பு உடலை மறைப்பதில் அடங்கியிருப்பதால் சுயம்புலிங்கத்தால் அதைச் சொல்ல இயலாது. பற்று தொடரும்வரை ஒப்புதல் பாதியாகவே நிற்கும் என்பதே இதன் பொருள். மலையாளத்தில் 2021இல் வந்த ‘திருஷ்யம் 2’ மகனின் சாம்பலைப் பெற்றோரிடம் சேர்ப்பித்தது. முதற்படம் விட்டுச்சென்ற கடனை அதன் படைப்பாளரே உணர்ந்திருந்தமைக்கு அது சான்று.

இரண்டாவது விடுபாடு செல்வியின் குரல். அடித்தவள் அவள். அச்சமும் உறக்கமின்மையும் அவளுக்கு உரியவை. ஆனால் குற்றத்தை ஏற்றுப் பேசும் உரிமை தந்தையிடம் சேர்ந்துவிடுகிறது. அவன் அவளுக்காக மறைக்கிறான், அவளுக்காக அழுகிறான், அவளுக்காக மன்னிப்பும் கேட்கிறான். தான் தற்காத்துக்கொண்டவள் என்று அவள் தலைநிமிர்ந்து சொல்லவும், தன்னால் ஓர் உயிர் போயிற்று என்று வருந்தவும் படத்தில் இடமில்லை. தந்தையின் நிழல் அவளைச் சிறையிலிருந்து காக்கிறது. அதே நிழல் அவளைப் பேச்சிலிருந்தும் விலக்குகிறது. பிறர்பொருட்டுத் தண்டனையை ஒருவர் ஏற்கலாம். பிறருடைய குற்றவுணர்வை அவ்வாறு ஏற்றுத் தீர்த்துவிட முடியுமா என்னும் வினாவைப் படம் எழுப்பவே இல்லை. அதன் தலையாய குறை இதுவே.

முடிவுரை

‘பாபநாசம்’ குடும்பப் பற்றைப் போற்றும் படமாகத் தோன்றினும், அப்பற்றின் எல்லையையும் உடன் காட்டுகிறது. குற்றம் தற்காப்பில் அன்றி மறைப்பில் உறைகிறது. மறைப்பு, காக்கவேண்டிய குடும்பத்தையே பொய்யில் பயிற்றுகிறது. வெற்றிக்குப் பின்னும் நெஞ்சு அமைதியுறாமையால் நாயகன் ஒப்புக்கொள்ள நேர்கிறது. அவ்வொப்புதலைச் சட்டத்திடம் அளிக்காது பிள்ளையை இழந்தோரிடம் அளித்தமை இப்படத்தின் அறச்சிறப்பு. உடலையும் மகளின் குரலையும் விட்டுவிட்டு அளித்தமை அதன் அறக்குறை. ஊரின் பெயர் தந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. பாவம் கரையவில்லை, இடம் மாறியிருக்கிறது. தோட்டத்துக் குழியிலிருந்து காவல்நிலையத் தரையின் அடிக்கு உடலை மாற்றிய மனிதன், தன் நெஞ்சின் சுமையில் ஒரு பகுதியை மற்றொரு தந்தையின் நெஞ்சுக்கு மாற்றியிருக்கிறான். அவ்வளவே அவனால் இயன்றது. அவ்வளவு போதாது என்பதை அவனும் அறிவான் என்பதற்கு அவன் கண்ணீரே சான்று.