லேப்டாப் வேண்டாம், பென்டிரைவ் போதும்

2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையை விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகள் அறிவார்கள். மண்டகப்பட்டுக் குடைவரையையும் கீழ்வாலைப் பாறை ஓவியங்களையும் திண்டிவனம் பக்கத்துத் திருவக்கரைக் கல்மரங்களையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பள்ளியில் ப்ரொஜெக்டர் உண்டு, லேப்டாப் இல்லை. எப்சன் உள்ளிட்ட பல வகுப்பறை ப்ரொஜெக்டர்களில் இருக்கும் யுஎஸ்பி ஸ்லைடு ஷோ வசதியை நம்பி இறங்கினேன்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுர வாயுள்ள யுஎஸ்பி-பி கம்ப்யூட்டருக்கானது. பென்டிரைவுக்குத் தட்டையான யுஎஸ்பி-ஏ. சில மாடல்களில் அதுவும் மின்சாரம் தருவதற்கு மட்டுமே. வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பென்டிரைவ் 32 ஜிபிக்குள், ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் தொல்லையில்லை. 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பல ப்ரொஜெக்டர்கள் அதைப் படிப்பதில்லை. செல்போனில் எடுத்த படங்களை ஓடிஜி இணைப்பான் வழியாக நேரே பென்டிரைவில் ஏற்றிவிடலாம். ஜேபெக் வடிவமே பாதுகாப்பானது. அச்சுக்காகத் தயாரித்த சிஎம்ஒய்கே படங்களையும் ப்ரொக்ரஸிவ் ஜேபெக்கையும் எப்சன் கருவிகள் ஏற்பதில்லை. 1, 2, 10 என்று பெயரிட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கக்கூடும். 001, 002 என்று வையுங்கள்.

மெனுவில் படம் மாறும் நேரத்தை நொடிக்கணக்கில் குறிக்கலாம். திருமண மண்டபத்துக்கு அது பொருந்தும். வகுப்பில் தானாக ஓடவிடாமல் ரிமோட்டால் நகர்த்துவதே நல்லது. பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது படம் நிற்க வேண்டும்.

வெளிச்சம்தான் பெரிய சோதனை. ஜன்னல் திறந்திருந்தபோதும் கல்மரங்கள் தெளிவாகத் தெரிந்தன. கீழ்வாலையின் செங்காவி உருவங்களோ சுவரோடு கரைந்துபோயின. ஜன்னல்களை அடைத்த பிறகே எழுந்து வந்தன. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் இக்கோயிலை எடுப்பித்ததாக மகேந்திரவர்மன் சொல்லும் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, குடைவரை முழுவதும் தெரியும் படத்தில் வெறும் கீறலாக இருந்தது. எழுத்துகளை மட்டும் அருகில் எடுத்துத் தனிப் படமாகச் சேர்த்ததும் வகுப்பே முன்னால் நகர்ந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படங்களைத் தவிருங்கள். சுருங்கிய படம் பெரிய சுவரில் மங்கிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. படக்குறிப்பைச் செல்போனிலேயே படத்தின் மீது எழுதிவிட வேண்டும். நெட்டாக எடுத்த படம் சில கருவிகளில் படுத்துவிடுகிறது. முன்கூட்டியே திருப்பிச் சேமியுங்கள். கரன்ட் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

வீடியோவும் அனிமேஷனும் தேவைப்படும் பாடத்துக்கு லேப்டாப்பே சரி. ஊரின் தொல்லிடங்களைப் படமாகக் காட்ட இது தாராளம். இந்த வசதியுள்ள ப்ரொஜெக்டர் இருக்கும் பள்ளி இதற்கென லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தினால், அந்தப் பென்டிரைவ் அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் பயன்படும்.