விடையும் விளக்கமும்

நூலைப் படித்தல் வேறு. படித்ததைப் பயன்கொள்ளல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியைக் கடத்தற்கே மீட்டற் பயிற்சி வேண்டப்படுகின்றது. இந்நாளில் அப்பயிற்சியை இணையவழி இலவசமாக அளிப்போர் பலர். அவருள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். உயர்தரப் பௌதிகவியல் மாணாக்கர்க்கென 2010களில் ஐசாக் பிசிக்ஸ் என்னும் பெயரால் அவர் தொடங்கிய தளம், இன்று ஐசாக் சயன்ஸ் என வழங்குகின்றது. அதன் நிறைகுறைகளை ஆசிரியர் நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

அத்தளத்தின் முதற் சிறப்பு, மாணவனை வாளா இருக்கவிடாமை. விடைகளை முன்வைத்து மனனஞ் செய்விக்கும் தொகுப்புகள் மலிந்த காலத்தில், அது வினாவை நிறுத்தி விடையை அவன்பாலே வேண்டுகின்றது. எண் மட்டும் போதாது. அதற்குரிய அலகும் வேண்டும். பொருளுடைய இலக்கங்கள் தக்க அளவினவா என்பதும் நோக்கப்படும். எண்களே இல்லாத வினாக்களுக்கு, குறியீடுகளைக் கோத்துச் சமன்பாடாகவே விடை அமைத்தல் வேண்டும். இடர்ப்பட்டவிடத்து முழுவிடையைக் கொடாது சிறு குறிப்புகளால் வழிகாட்டுதலும் நல்லாசிரியர் இயல்பேயாம்.

ஆயின் ஒரு குறை உண்டு, அது சிறிதன்று. கருவி காண்பது முடிந்த விடையையே. மாணவன் அதற்கு வந்த வழியை அன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்துடன் நிலைக்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து எவ்வளவு உயரஞ் செல்லும்? வளித்தடையை நீக்கி, புவியீர்ப்பு ஆர்முடுகலைச் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர் எனக் கொண்டால், விடை 45 மீற்றர். உச்சியில் வேகம் பூச்சியமாதலின் ஆர்முடுகலும் ஆங்குப் பூச்சியமே என நம்பும் மாணவனும் சூத்திரத்தில் எண்களை இட்டு இவ்விடையைப் பெற்றுவிடுவான். கருவி சரி என்னும், அவனும் மகிழ்வான். உச்சியிலும் புவியின் விசை ஒழியவில்லை, ஆதலின் ஆர்முடுகலும் மாறவில்லை என்னும் உண்மையோ அவன் உள்ளத்திற் புகவில்லை. பிழையான கருத்துச் சரியென்னும் முத்திரை பெற்றுப் பின்னும் வேரூன்றுகின்றது.

கருத்தைச் சோதிக்கும் தெரிவு வினாக்களும் அங்கு உளவே எனின், உள. ஆயினும், தெரிந்தெடுத்தல் வேறு. ஏன் என எடுத்துரைத்தல் வேறு. மேலும், வினாக்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ்மூலங் கற்கும் நம் மாணவன் தவறும்போது, அது பௌதிகவியற் பிழையோ மொழி விளங்காமையோ என்பதைக் கருவி பிரித்தறியாது, ஆசிரியரே அறிவர்.

ஆதலின் இத்தகு பயிற்சிகளைத் தள்ளுதல் பேதைமை. அவற்றையே ஆசிரியராகக் கொள்ளுதலும் பேதைமையே. கணித்தலிலும் அலகிலும் கைதேர்தற்கு அவை பெரிதும் உதவும். அதன்பின் ஒரு வினாவையேனும் தேர்ந்து, செய்கையைத் தாளில் எழுதுவித்து, ஒவ்வோர் அடிக்கும் காரணத்தை மாணவன் தன் மொழியிற் கூறக் கேட்டல் ஆசிரியர் கடன். அங்ஙனம் கூறவல்லவனே கற்றவன். ஏனையோன் விடை பெற்றவன் மாத்திரமே.