கண்ணாடி மாளிகைக்கு ஒரே ஒரு சுக்கான்

ஆலப்புழையில் இப்போது புதிதாக நீரில் இறங்கும் ஹவுஸ்போட்டுகளில் மூங்கில் பாய்க் கூரையைக் காண்பது அரிதாகி வருகிறது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, சாம்பல் நிற அலுமினியப் பலகை, மறைவிளக்குகள், மேல்தளத்தில் ஜக்கூஸி. விளம்பரங்களும் யூடியூப் வீடியோக்களும் மெத்தையையும் ஏசியையும் கரிமீன் பொரிச்சதையும் பற்றியே பேசுகின்றன. மெத்தை அருமை, கரிமீன் அதைவிட அருமை. அந்தப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். நான் பார்க்கப் போனது வேறு ஒன்றை: இது படகாக எப்படி?

நான் ஏறிய படகின் பெயர் வேண்டாம். அதே அச்சில் வார்த்தவை புன்னமடைக் காயலில் நிறையவே நிற்கின்றன. இரண்டு தளம், சுமார் 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், இரும்பு அடிப்பாகம். ஒரு டீசல் எஞ்சின், ஒரு புரொபெல்லர், ஒரு சுக்கான். ஏசிக்குத் தனி ஜெனரேட்டர்.

இதன் மூதாதையான கெட்டுவள்ளத்தைத் தெரிந்துகொண்டால்தான் இதை எடைபோட முடியும். அயனி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, ஆணி இல்லாமல் கட்டிய சரக்குப் படகு அது. குட்டநாட்டு நெல்லைக் கொச்சி வரை கொண்டுபோனது. சுமை முழுவதும் அடித்தளத்தில், ஏறக்குறைய நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். மேலே இருப்பது வளைந்த பாய்க் கூரை மட்டும். எடையும் இல்லை, காற்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆழமில்லாத நீரில் கழி ஊன்றித் தள்ளினாலே நகரும். சாலைகளும் லாரிகளும் வந்தபின் வேலையிழந்த அந்த வள்ளங்களுக்கு 1990களில் சுற்றுலா மறுவாழ்வு கொடுத்தது. முதலில் சரக்கு இருந்த இடத்தில் கட்டில் போட்டார்கள். அதுவரை கணக்கு சரி. பிறகு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக எடை மேலே ஏறியது. இன்றைய டிசைனர் படகு அந்த ஏற்றத்தின் உச்சம்.

துறையை விட்டு வெளியே வந்ததும் ஸ்ராங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சக்கரம் பிடிப்பவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது.

"எப்படிச் சேட்டா, சொன்னபடி கேட்குமா?"

"காலையில கேட்கும் சாரே. மத்தியானத்துக்கு மேல எஞ்சின் ஒண்ணு, பாய் ரெண்டு."

பாய்மரம் ஏது என்று நான் பார்க்க, அவர் இரண்டு பக்கத்துக் கண்ணாடிச் சுவர்களையும் கை காட்டினார்.

அவர் சொன்னதைக் கணக்காகவே போடலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, அதாவது நொடிக்கு 10 மீட்டர், ஒரு சதுர மீட்டர் செங்குத்துச் சுவரை ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 20 மீட்டர் நீளம், நீருக்கு மேல் 5 மீட்டர் உயரம் என்றால் 100 சதுர மீட்டர். 600 கிலோ தள்ளு. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகும். தட்டையான அடிப்பாகம் நீரில் ஆழமாகப் பிடிக்காததால் படகு முன்னே போகும்போதே பக்கவாட்டிலும் வழுக்குகிறது. வேம்பநாட்டுக் காயலின் திறந்த பரப்புக்கு வந்ததும் இதைக் கண்ணாலேயே பார்த்தேன்: படகின் முன்முனையான அணியம் குமரகம் பக்கம் பார்த்திருக்க, படகு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஸ்ராங்க் சக்கரத்தை ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார்.

வேகம் குறையும்போதுதான் உண்மையான சிக்கல். சுக்கானுக்கு உயிர் கொடுப்பது அதன்மேல் பாயும் நீர். மெதுவாகப் போனால் நீரோட்டம் குறையும், சுக்கான் சும்மா தொங்கும். ஒற்றைப் புரொபெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றினால் பின்புறம் ஒரு பக்கமாக இழுக்கும். ஆக, கரை சேரும்போது, மிகத் துல்லியம் தேவைப்படும் அந்த நேரத்தில், இந்தப் படகுக்குத் திசை மாற்றும் வழி மிகக் குறைவு. அணியத்தில் பக்கவாட்டு உந்தி ஒன்று பொருத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை. ஜக்கூஸிக்குச் செலவு செய்தவர்கள் அதற்குச் செய்யவில்லை. நடந்தது என்னவென்றால், மூன்று பேர் மூங்கில் கழிகளோடு ஓடிவந்து, பக்கத்துப் படகின் மேலும் கரையின் மேலும் ஊன்றித் தள்ளி நிறுத்தினார்கள். விளக்குகளைத் தொடுதிரையில் மங்கவைக்கும் படகைக் கரை சேர்ப்பது இன்னும் கெட்டுவள்ளக் காலத்துக் கழிதான். அந்த மூவரின் திறமைக்கு முழு மதிப்பெண். வடிவமைத்தவருக்கு அல்ல.

அவர்கள் ஓடிவந்த பாதையையும் சொல்ல வேண்டும். அறைகளை அகலமாக்குவதற்காகப் பக்கவாட்டு நடைவழியை ஒரு அடிக்குச் சுருக்கியிருக்கிறார்கள். கைப்பிடி இல்லை, இருந்தால் கண்ணாடிக்குக் குறுக்கே தெரியுமாம். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் காலோடு, ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பற்றியபடி ஓட வேண்டும். இந்த நடைவழியை வரைந்தவர் ஒரு முறையாவது படகில் வேலை செய்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

அடுத்து நிலைப்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது.

படகின் மொத்த எடையும் எந்த உயரத்தில் குவிகிறது என்பதே கேள்வி. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளி யூனிட்டுகள், மேல்தளக் கண்ணாடி, ஜக்கூஸி. 1000 லிட்டர் நீர் என்றால் ஒரு டன். அதுவும் சாயும் பக்கமே ஓடிச் சேர்கிற டன். இதற்கு மேல் பயணிகள். மாலையில் சூரியன் இறங்கும்போது எல்லோரும் மேல்தளத்துக்கு வருவார்கள், எல்லோரும் மேற்குப் பக்கமே நிற்பார்கள். 20 பேர் என்றால் இன்னுமொரு ஒன்றேகால் டன்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா' இரண்டு தளப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரின் உயிரைக் கொண்டுபோனதும் இரண்டு தளப் படகுதான். மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றிக் கட்டியது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. இரண்டும் ஹவுஸ்போட்டுகள் அல்ல. அகலமான, மெதுவாக ஓடும் ஹவுஸ்போட்டை அவற்றோடு அப்படியே சமப்படுத்துவது நியாயமும் அல்ல. ஆனால் எடை மேலே, ஆட்கள் ஒரு பக்கம் என்ற அந்தக் கணக்கு மட்டும் எல்லாப் படகுக்கும் ஒன்றுதான்.

பயணியே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. வேறொரு படகின் அலை பட்டு ஆடும்போது, இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர எத்தனை நொடி என்று எண்ணுங்கள். வெடுக்கென்று நிமிரும் படகு வயிற்றைக் கலக்கும், ஆனால் பாதுகாப்பானது. சாய்ந்த இடத்திலேயே சோம்பேறித்தனமாக ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு எழும் படகு சொகுசாகத் தோன்றும். அதன் நிமிரும் வலு குறைவு. கப்பல்காரர்களின் தோராயக் கணக்குப்படி 5 மீட்டர் அகலப் படகுக்கு 4 நொடி என்றால் நிம்மதி, 8 நொடி என்றால் எச்சரிக்கை. அரசுப் பயணப் படகு ஒன்று கடந்துபோனபோது, மேல்தளம் நிறைந்திருந்த எங்கள் படகு ஆறு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆபத்து என்று சொல்ல மாட்டேன். நிம்மதியாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன்.

கண்ணாடியின் மறுபக்கம் வெயில். மேற்குப் பார்த்த கூடம் மாலை நான்கு மணிக்குக் கொதித்தது, இரண்டு ஏசிகள் திணறின, ஜெனரேட்டர் இடைவிடாமல் உறுமியது. பயணம் முழுவதும் எஞ்சினைவிட அதிகமாகக் கேட்டது இந்தச் சத்தம்தான். பாய்க் கூரைப் படகில் அதே நேரத்தில் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். வெயிலைவிட மோசம், படுக்கையறைக் கண்ணாடிகள் திறக்காதவை. சமையலறையில் கேஸ் சிலிண்டர், பின்புறம் டீசல், கூரைக்குள் மின்கம்பிகள். வெளியேற ஒரே கதவு. 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவுக்கு அருகே ஒரு ஹவுஸ்போட் எரிந்து போனபோது பயணிகள் தண்ணீரில் இறங்கித் தப்பினார்கள். திறக்காத கண்ணாடிக்குப் பின்னால் தூங்குபவர் எப்படி இறங்குவார்?

சரி, இந்தப் படகு எங்கே போகும்? சிறு கால்வாய்களுக்குள் போகாது, பாலங்கள் இடிக்கும். குட்டநாட்டின் அழகே வீட்டு வாசலை உரசிக்கொண்டு ஓடும் அந்தக் கால்வாய்கள்தான். அவற்றைப் பார்க்க வேறொரு சின்ன வள்ளம் அமர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் மூடியிருக்கும் மாதங்களில் தெற்குப் பக்கம் நன்னீராகத் தேங்கி, ஆகாயத்தாமரை மண்டும். அது புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும், எஞ்சினைக் குளிரவைக்கும் நீர் வழியையும் அடைக்கும். எங்களுக்கும் ஒரு முறை அடைத்தது; பையன் ஒருவன் இறங்கிக் கையால் பிய்த்தெடுத்தான். இதில் இந்தப் படகை மட்டும் குறை சொல்ல முடியாது, பழையவற்றுக்கும் இதே பாடுதான்.

இன்னொரு கணக்கு. பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குகிறோம். மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால் மாலை ஐந்தரைக்குள் ஹவுஸ்போட்டுகள் கரையில் கட்டிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம். மறுநாள் காலையில் துறைக்குத் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால், 21 மணி நேரத்தில் படகு படகாக இருப்பது ஐந்து, மிஞ்சினால் ஆறு மணி நேரம். வடிவமைப்பாளர்கள் மீதி 15 மணி நேரத்துக்காகவே வரைந்திருக்கிறார்கள் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பதும் அதற்குத்தான். ஆனால் விபத்து அந்த ஐந்து மணி நேரத்தில் நடக்கும்.

மிதக்கும் கண்ணாடி வீட்டைப் பொறுப்பாகக் கட்டவே முடியாதா? முடியும். அமெரிக்காவின் மயாமியில் 2019இல் காட்சிக்கு வந்த 'ஆர்க்கப் 75' இதைவிடப் பெரிய கண்ணாடி வீடு. நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர் கோன் ஓல்துயிஸ் வரைந்தது. எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய இரண்டு மின் உந்திகள் அதற்கு உண்டு. நிறுத்தியதும் நான்கு ஹைட்ராலிக் கால்கள் நீரடித் தரையில் ஊன்றிப் படகையே தூக்கிப் பிடிக்கும். வேகம் மணிக்கு 7 கடல்மைலுக்குள்தான், அப்போதைய விலையோ 55 லட்சம் டாலர். அவ்வளவு தூரம் போக வேண்டாம், வைக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2017 முதல் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகு, இரட்டை உடல் கொண்டது, 20 மீட்டர் நீளத்துக்கு 7 மீட்டர் அகலம், 75 பேர், ஒரே தளம். கூரையில் இருப்பது சூரியத் தகடுகள் மட்டும். நிலைப்பு என்பது அகலத்திலும் தாழ்விலும் இருக்கிறது என்று புரிந்தவர்கள் வரைந்த படகு.

நான் ஏறிய படகுக்கு என் தீர்ப்பு: தங்கும் அறையாக எட்டு மதிப்பெண், படகாக மூன்று. காலை நேரத்து அமைதியான நீரில், நல்ல ஸ்ராங்க் இருந்தால் ஓடும். மழைக்காலத்திலும் மதியத்துக்குப் பிந்தைய திறந்த காயலிலும் வேண்டாம். ஒரே இரவுக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் ஒற்றைத்தளப் படகாக, பக்கங்கள் திறந்ததாகப் பாருங்கள். வாடகையும் பெரும்பாலும் குறைவு. கண்ணாடிப் படகுதான் வேண்டுமென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: தகுதிச் சான்றிதழ் எதுவரை செல்லும், மேல்தளத்தில் எத்தனை பேருக்கு அனுமதி, படுக்கையறை ஜன்னல் திறக்குமா, குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா. பதிலைப் போனில் வாங்காதீர்கள். துறையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள்.