பரம்பரை: இரத்தமா, வித்தையா, கூலியா?

சேவூர்ப் பக்கம் ஒருவர் 'நாங்க பரம்பரைப் பண்ணையக்காரங்க' என்று சொன்னால் அது சாதிக்கு இட்ட நாகரிகப் பெயர். வடசென்னைக் குத்துச்சண்டையில் அதே சொல் வேறு வேலை பார்த்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற பரம்பரைகளில் கேள்வி 'யாருக்குப் பொறந்தே?' அல்ல, 'யாருகிட்ட கத்துக்கினே?' பெயரில் சாதி ஒட்டியிருந்தாலும் மேடையேறியவர்களில் மீனவர்களும் துறைமுகக் கூலிகளும் இருந்தார்கள்.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இதைத்தான் பற்றிக்கொள்கிறது. ரங்கன் வாத்தியார் தம் மகனை விட்டுவிட்டுக் கபிலனை இறக்குகிறார். இரத்தத்தை வித்தை மறுதலிக்கிறது. இது சாதிய மரபுக்கு எதிரான கதையாடல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாத்தியாரே தகப்பனாகிவிட்டால் அந்தத் தகப்பனின் அதிகாரத்தை யார் கேட்பது?

இக்கேள்வியின் கொடிய வடிவத்தை ஜப்பானிய சுமோவில் காணலாம். அங்கே பரம்பரைக்குப் பெயர் 'ஹெயா'. 'அறை' என்று பொருள். சேர்ந்த பையன் அங்கேயே உண்டு உறங்குகிறான். பிடிக்கவில்லையென்று வேறு ஹெயாவுக்கு மாற முடியாது. மேலிரு பிரிவுகளிலுள்ள 70 பேருக்கே மாதச் சம்பளம். மற்றவர்கள் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், மூத்தவர் முதுகு தேய்க்கிறார்கள். எல்லாம் 'மரபு'. 2007இல் டொகிட்சுகசே ஹெயாவில் 17 வயதுப் பையன் 'பயிற்சி' என்ற பெயரில் அடிபட்டு இறந்தான். ஆசான் சிறைத்தண்டனை பெற்றார்.

இது நமக்கு அந்நியமா என்ன? நம் வட்டார நூற்பாலை விடுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெண்பிள்ளைகளை மூன்றாண்டு தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்றார்கள். 'எங்க புள்ளையாட்டம் பாத்துக்கறோமுங்க' என்பதே ஒப்பந்தம். நடுவில் வெளியேறினால் அந்தத் தொகை கேள்விக்குறி. ஹெயாவிலும் விடுதியிலும் 'குடும்பம்' என்ற சொல் கூலியை மறைக்கும் திரை.

வடசென்னையின் வேறுபாடு இங்கேதான். கபிலன் துறைமுகத்தில் உழைத்துக் கஞ்சி குடித்தவன். அவன் உலை வாத்தியார் கையில் இல்லை. சாயங்காலம் வித்தைக்கு வந்தான், வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம். பரம்பரை சுதந்திரமாக இருந்ததற்குக் காரணம் வாத்தியாரின் நல்ல மனசு மட்டுமல்ல, சோறு வேறிடத்தில் வெந்ததும்தான்.

ஆகவே எந்தப் பரம்பரையின் பெருமையைப் பாடுமுன்னும் இரண்டு விஷயம் விசாரிப்போம்: சோறு யார் போடறாங்க? கதவுச் சாவி யார்கிட்ட இருக்குது?