'அத்ஜுதிக்கத்தேர்': ஏலம் எடுத்தவரா, வழங்கப்பெற்றவரா?

ஏலத்தில் வென்றவரைக் குறிக்கும் 'அத்ஜுதிக்கத்தேர்' என்னும் பிரெஞ்சுச் சட்டச்சொல்லை 'ஏலம் எடுத்தவர்' என்றோ 'மிகுவிலை கேட்டவர்' என்றோ தமிழாக்குதல் எளிது. எனினும் இவ்விரண்டும் அச்சொல்லின் சட்டப்பொருளை முழுமையாகத் தருவன அல்ல. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் சட்ட ஆவணங்களை ஆராய்வோருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

இச்சொல்லின் வேர் இலத்தீன் 'அத்யூதிகாரே' என்பதாகும். 'தீர்ப்பால் ஒருவருக்கு உரியதாக்குதல்' என்பது அதன் பொருள். உரோமானியச் சட்டத்தில் மரபுரிமைப் பங்கீடு, பொதுச்சொத்துப் பிரிவினை, எல்லை வழக்கு ஆகியவற்றில் நடுவர் சொத்தை ஒரு தரப்பினருக்கு உரிமையாக்கும் அதிகாரம் இவ்வேரின் வழிவந்த பெயராலேயே சுட்டப்பட்டது. ஆகவே இச்சொல் பிறந்த இடம் சந்தையன்று, நீதிமன்றமாகும்.

சொல்லின் ஈறும் இதனை வலியுறுத்துகிறது. கொடை பெறுபவர் 'தொனத்தேர்', உயில்வழிச் சொத்துப் பெறுபவர் 'லெகத்தேர்' எனப்படுவர். இவ்வீறு செய்பவரைச் சுட்டாமல் பெறுபவரைச் சுட்டுகிறது. வழங்குபவரைக் குறிக்கும் 'அத்ஜுதிக்கத்தெர்' என்னும் இணைச்சொல்லோடு ஒலிப்பில் ஓர் உயிரே வேறுபடினும் பொருள் நேர்மாறாகிறது. விலை கேட்பவருக்கோ 'ஆன்ஷெரிசெர்' என்னும் தனிச்சொல் உண்டு.

தமிழ் 'ஏலம்' போர்த்துகீசிய 'லெயிலாவ்' என்பதன் திரிபு. அதன் மூலம் 'அறிவித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல். தமிழில் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்னும் அறிவிப்போடு ஏலம் முடிகிறது. பிரெஞ்சு ஏலமோ 'தீர்ந்து வழங்கப்பட்டது' எனப் பொருள்படும் 'அத்ஜுழே' என்னும் சொல்லோடு முடிகிறது. 'எடுத்தவர்' என்னும் தமிழ் வழக்கு வென்றவரை வினைமுதலாக்குகிறது. பிரெஞ்சு வழக்கு அவரை ஏற்பவராக்குகிறது.

இவ்வேறுபாடு இலக்கண அளவில் நிற்பதன்று. இன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, நீதிமன்றம் நடத்தும் அசையாச் சொத்து ஏலம் முடிந்த 10 நாள்களுக்குள் பத்தில் ஒரு பங்கேனும் கூடுதல் விலை தர ஒருவர் முன்வரின் மறு ஏலம் நிகழும். கேட்ட விலை மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. மேலும், பெல்ஜியத்தின் அரசுக் கொள்முதல் சட்டத்தில் ஒப்பந்தம் பெற்ற நிறுவனமும் இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. அங்குக் குறைந்த விலை கூறியவரும் வெல்லக்கூடும். எனவே 'மிகுவிலை கேட்டவர்' என்பது பிழையாகவே முடியும்.

பேச்சுவழக்கில் 'ஏலம் எடுத்தவர்' நிலைப்பதில் தடையில்லை. சட்ட மொழிபெயர்ப்பில் மட்டும் விற்பனை குறித்த இடங்களில் 'ஏலவுரிமை வழங்கப்பெற்றவர்' எனவும், கொள்முதல் குறித்த இடங்களில் 'ஒப்பந்தம் வழங்கப்பெற்றவர்' எனவும் பெயர்த்தல் பொருந்தும். சற்று நீளமாயினும், உரிமை வழங்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதை இவை மறைப்பதில்லை.