மரச்சட்டமும் துணிச்சிறகும்

ஆடிக் காற்றில் திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் நின்றால், சிறுமலைப் பக்கம் விரியும் சமவெளிக்கு மேல் பருந்து சிறகசைக்காமல் மிதப்பதைக் காணலாம். அந்த மிதப்பைத் தன் உடலாலேயே கற்கத் துணிந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால்.

வில்லோ மரக் கழிகளை வளைத்து, பருத்தித் துணியை இழுத்துக் கட்டிய சிறகு. இயந்திரம் கிடையாது. சட்டத்தைப் பற்றிக்கொண்டு, எதிர்காற்றில் சரிவிறங்கி ஓடி எழ வேண்டும். தொங்கும் கால்களை வீசிச் சமநிலை காக்க வேண்டும். 1891 முதல் சுமார் 2,000 முறை பறந்தார். 250 மீட்டர் வரை மிதந்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார். அவர் விட்டுச்சென்ற அளவுகளையும் அனுபவத்தையும் படித்துத்தான் ரைட் சகோதரர்கள் தங்கள் பறக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள்.

அந்தத் துணிவு நம் பக்கமும் வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ். பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தது 1909 ஜூலையில்; ஓராண்டு நிறைவதற்குள், 1910 மார்ச்சில், டி ஏஞ்செலிஸ் பல்லாவரத்தில் தன் விமானத்தை ஓட்டினார். அதைக் கட்டிக்கொடுத்தது சிம்சன் நிறுவனம். கோச்சுவண்டி செய்து பழகிய பட்டறை விமானமும் செய்தது!

விழுந்தால் எலும்பு முறியும் என்று தெரிந்தும், தளர்ந்த கம்பியை இறுக்கி, ஒடிந்த கழியை மாற்றி, மறுபடியும் ஏறினார்களே, அந்த நெஞ்சுரமும் கைத்திறனும் கும்பிடத்தக்கவை. விமானத்தில் சன்னலோரம் அமரும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.